உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியில் தொடங்கி வால்வு வரை ஒரு வழிகாட்டி

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துத் துரை பங்களாவிலும் கிளப் திடலிலும் மட்டும் பார்த்து வந்த உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியை இப்போது பள்ளித் திடலிலும் கோயில் வளாகத்திலும் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் வண்டிகள். வாங்கும்போது நன்றாக ஓடும். சில மாதங்களில், அதுவும் விளையாட்டுப் போட்டிக்கோ திருவிழாவுக்கோ முதல் நாள் பார்த்து, சாவியைத் திருப்பினால் கிளம்பாது.

அப்போது வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் புது பேட்டரி வாங்குவார்கள். சரியாகாது. ஸ்பார்க் பிளக் மாற்றுவார்கள், அப்புறம் கார்ப்பரேட்டர், அதற்கும் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார். நானூறு ஐந்நூறு வெள்ளி போன பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் என்ஜினுக்கு. டீசல் வண்டியின் கதை வேறு.

கை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், பிளேடு சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். கத்திக்கு அருகே கை போகும் எந்த வேலைக்கும் சாவியை எடுத்துவிட்டு பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் கறுப்பு நெகட்டிவ் வயர், மாட்டும்போது கடைசியாக அதே வயர். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் சிகரெட் வேண்டாம், பக்கத்தில் சாம்பிராணிக் கரியும் வேண்டாம். கோயில் வளாகத்தில் வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் காதைக் கொடுங்கள்

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்வதற்குள் ஐந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது எந்தச் சத்தமும் இல்லையா? ஒரே ஒரு 'டக்' மட்டுமா? என்ஜின் பாதிச் சுற்று சுற்றி முட்டிக்கொண்டு நிற்கிறதா? நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? பற்றி ஓடிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதா? இதில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் நன்றாகக் குறைந்துவிடும். பட்டறைக்குப் போன் செய்தாலும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சத்தமே இல்லை என்றால்

இந்த வண்டிகளில் ஓட்டுபவரைக் காப்பாற்றச் சில சுவிட்சுகள் உண்டு. பிரேக் அல்லது கிளட்ச் பெடலை முழுக்க மிதிக்காவிட்டால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. பிளேடு சுவிட்ச் மேலே இழுத்தபடி இருந்தாலும் போகாது. பல வண்டிகளில் பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் என்ஜின் அணைந்துவிடும். ஆகவே முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிவரை மிதித்து, பிளேடு லிவரை ஒருமுறை போட்டு எடுத்து, சாவியைத் திருப்புங்கள். மண்ணும் புல்லும் அடைத்து பெடல் பாதியில் நிற்பது சாதாரணமாக நடப்பது.

அடுத்தது பியூஸ். பேட்டரிக்கு அருகிலோ சீட்டுக்கு அடியிலோ ஒரு வயரில் 15 அல்லது 20 ஆம்ப் பியூஸ் இருக்கும். எரிந்திருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் மறுபடி எரிந்தால் எங்கோ வயர் உரசி வெறும் செம்பு பாடியில் தொடுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸ் போட்டுச் சமாளிப்பது வண்டியையே எரித்துவிடும்.

வயர் என்றதும் எலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவில் வணிகரீதியாகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். அதனால்தான் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். கொட்டகையில் நிற்கும் புல்வெட்டியின் சீட்டுக்கு அடியும் என்ஜின் மூடிக்கு உள்ளும் எலிக்கு வசதியான இடம். வெளிநாட்டுக் கையேடுகள் எலிக்கு அவ்வளவு முக்கியத்துவம் தருவதில்லை, ஆனால் இங்கே சத்தமே வராத வண்டியில் வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். டார்ச் அடித்து வயர் போகும் பாதை முழுவதையும் பாருங்கள். கடிபட்ட இடத்தை முறுக்கி டேப் ஒட்டினால் மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

சுவிட்சுகளைச் சோதிக்க, அதன் சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வையுங்கள். சுவிட்சை அழுத்தும்போதும் விடும்போதும் மீட்டரில் மாற்றம் தெரிய வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் சுவிட்ச் செத்துவிட்டது. சிலர் இந்த சுவிட்சுகளை வயர் போட்டு நிரந்தரமாக இணைத்துவிடுகிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். திடலில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் அந்தக் கத்தியை நிறுத்தப் போவது சீட் சுவிட்ச்தான். அதன் விலை ஒரு குடும்பத்தின் கண்ணீரை விடப் பெரியதல்ல.

'டக்' என்று மட்டும் கேட்டால்

பேட்டரியில் மீட்டரை வையுங்கள். முழுச் சார்ஜ் என்றால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4 என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடருங்கள். 12க்குக் கீழே என்றால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. ஆனால் நிற்கும்போது காட்டும் வோல்ட் மட்டும் போதாது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், முழுச் சார்ஜ் ஏற்றி இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது சிறிய சார்ஜரே நல்லது, காரின் பெரிய சார்ஜரில் வேகமாக ஏற்றினால் இந்தச் சின்ன பேட்டரி சூடேறிக் கெட்டுவிடும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கறுப்பு வயரின் மறுமுனை என்ஜினிலோ சட்டத்திலோ போல்ட் போட்டிருக்கும். அதையும் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டுங்கள். பேட்டரி முனையைப் பளபளவென்று தேய்ப்பவர்கள் இந்த மறுமுனையை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் ஈரக்காற்றில் துருப் பிடிப்பது அங்கேதான்.

பேட்டரியும் வயரும் சரி, 'டக்' சத்தமும் வருகிறது என்றால் சோலனாய்டைப் பாருங்கள். ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும், இரண்டு தடித்த வயர்கள் வந்து சேரும் உருண்டைப் பெட்டி அது. அதன் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். 'டக்' கேட்ட பிறகும் 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே தொடுப்பு கருகிவிட்டது, சோலனாய்டு மாற்ற வேண்டும். வோல்ட் பூஜ்ஜியத்துக்கு அருகே இறங்கியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். 'டக்' சத்தமே வராவிட்டால் சோலனாய்டின் சின்ன வயரில் சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு சாவிப் பக்கமோ பாதுகாப்புச் சுவிட்சுப் பக்கமோ இருக்கிறது.

பாதிச் சுற்றில் முட்டி நின்றால்

மக்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். சாவியைத் திருப்பினால் என்ஜின் ஒரு பாதி சுற்றும், சுவரில் மோதியதுபோல் நிற்கும், மறுபடி முயன்றால் சில சமயம் தாண்டிவிடும். பார்த்தவுடன் யாரும் பேட்டரி என்றுதான் சொல்வார்கள். புது பேட்டரி போட்டால் கொஞ்சம் பலமாகச் சுற்றும், அதனால் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையும் வரும். இரண்டு வாரத்தில் பழையபடி.

காரணம் வால்வு இடைவெளி, அதாவது வால்வு முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளி. சிலிண்டருக்குள் காற்று முழுதாக அமுங்கினால் சின்ன ஸ்டார்ட்டரால் அதைத் தள்ள முடியாது. அதற்காக, வால்வுகளை இயக்கும் கேம் தண்டில் ஒரு சின்ன அமைப்பு வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது அது ஒரு வால்வை மயிரிழை திறந்து வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விடும். வேகம் பிடித்ததும் தானே விலகிக்கொள்ளும். நாளாக ஆக வால்வு இடைவெளி அதிகமாகிவிட்டால், அந்த மயிரிழைத் திறப்பு வால்வு வரை போய்ச் சேராது. காற்று முழுதாக அடைபட்டு ஸ்டார்ட்டரை நிறுத்திவிடும். ஒற்றைச் சிலிண்டர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் மேல்வால்வு என்ஜின்களில் இது நன்கு தெரிந்த கோளாறு.

சரி செய்ய எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், அப்போது கையால் எளிதாகச் சுற்ற வரும். வால்வு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டு ராக்கர்கள் தெரியும். மேலே உள்ள விசிறிப் பக்கத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு, இன்னும் கொஞ்சம் சுற்றி 6 மி.மீ. கீழே இறங்கும்படி வையுங்கள். உச்சியிலேயே அளந்தால் அந்தக் காற்று விடும் அமைப்பு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கும், அளவு தப்பாக வரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் செய்தும் பலன் இல்லாமல் போகிறது.

இனி ராக்கருக்கும் வால்வு முனைக்கும் இடையே ஃபீலர் கேஜை விடுங்கள். இந்த வகை என்ஜின்கள் பலவற்றில் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஹோண்டா, கவாசாக்கிக்கு அளவு வேறு, உங்கள் மாடலின் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. சில கோலர் என்ஜின்களில் எண்ணெய் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் லிஃப்டர் இருக்கும், அவற்றில் அளவு வைக்கும் வேலை இல்லை. கேஜ் லேசான இழுப்போடு வழுக்கி வர வேண்டும். நட்டைச் சரி செய்து, பூட்டுத் திருகை இறுக்கி, என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அளந்து பாருங்கள்.

அதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எண்ணெய்க் கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்ப்பரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் இரவெல்லாம் பெட்ரோல் ஒழுகி என்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்தாலும் இதேபோல் முட்டி நிற்கும். பெட்ரோல் கலந்த எண்ணெயோடு ஓட்டவே கூடாது, உள்ளே எல்லாம் தேய்ந்துவிடும். ஊசியை மாற்றி, எண்ணெயையும் மாற்றி, இனி வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

இங்கே கேள்வி ஒன்றுதான்: பெட்ரோலா, பொறியா? ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாயில் கார்ப் கிளீனர் ஒரு சின்னப் பீச்சு அடித்துச் சாவியைத் திருப்புங்கள். முகத்தை அருகில் வைக்காதீர்கள். இரண்டு விநாடி பற்றி அணைந்தால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பொறியைத் தேடுங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் முதலில் தொட்டியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். பெயின்ட் வார்னிஷ் போல வாடை அடித்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது. 30 நாளுக்கு மேல் நின்ற பெட்ரோலை நம்பக் கூடாது. இங்கே பனிக்காலம் இல்லை, புல் வருடம் முழுக்க வளர்கிறது, ஆகவே வண்டி நீண்ட நாள் நிற்காது என்று நினைக்கிறோம். ஆனால் நீண்ட பள்ளி விடுமுறையோ, ஓட்டுகிற ஆள் வேலையை விட்டுப் போவதோ போதும், கார்ப்பரேட்டருக்குள் பிசின் கட்டிவிடும். ரோன் 95 இந்த என்ஜின்களுக்குத் தாராளமாகப் போதும், 97 போடுவதால் ஸ்டார்ட் ஆகிவிடாது. பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ செம்பனை அடியிலோ ஊற்றாதீர்கள், பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் நல்லதென்றால் அது வரும் வழியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாய் திறந்திருக்கிறதா? ஃபில்டரின் அம்பு என்ஜின் பக்கம் நோக்கியிருக்கிறதா? கார்ப்பரேட்டரில் சேரும் ஹோஸைக் கழற்றிப் போத்தலில் விட்டுச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் வருகிறதா? அங்கே வரவில்லை என்றால் பம்போ, பம்புக்குக் காற்றுத் துடிப்பைக் கொண்டுபோகும் சின்ன ஹோஸோ வெடித்திருக்கும்.

அங்கே வரை வந்தும் என்ஜின் பற்றவில்லை என்றால் கார்ப்பரேட்டரின் அடியைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே வயர் போகும் ஒரு சின்ன சோலனாய்டு இருக்கும். சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவரும்போது அது 'டிக்' என்று கேட்க வேண்டும். கரண்ட் வராவிட்டால் அது பெட்ரோலை அடைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் கார்ப்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலன் இருக்காது. அது சரியென்றால் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டையைக் குத்த வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை போதும். ஊசி, ஆணி கொண்டு குத்தினால் ஓட்டை பெரிதாகி வேறு கோளாறு வந்துவிடும்.

பொறி பக்கம் என்றால் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்திருக்கிறது. இந்த வெயிலில் சூடான என்ஜினுக்கு சோக் போட்டு ஸ்டார்ட் செய்வதே பல தடவை இதற்குக் காரணம். கறுத்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்மண் சாலைத் தூசியில் அது சீக்கிரம் அடைபடும். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. பிளக் இடைவெளி பல என்ஜின்களில் 0.76 மி.மீ.

பொறி வருகிறதா என்று பார்க்கப் பல்பு வைத்த டெஸ்டர் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. பொறி வராவிட்டால் உடனே காயில் (பொறிக்கான மின்சாரம் தரும் சுருள்) வாங்காதீர்கள். காயிலிலிருந்து சாவிக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது, சாவியோ சீட் சுவிட்சோ அதை அணைத்து வைத்திருக்கிறது. இந்த நிலையில் என்ஜின் பற்றினால் சாவியால் அணைக்க முடியாது, ஆகவே சோதனை முடிந்ததும் வயரை மாட்டிவிடுங்கள். வயரைக் கழற்றியும் பொறி இல்லையென்றால் காயிலுக்கும் என்ஜினின் மேலே சுற்றும் விசிறிச் சக்கரத்துக்கும் இடையே துருவைத் தேய்த்து, இடைவெளியை 0.25 முதல் 0.36 மி.மீ. வரை வைத்துப் பாருங்கள். இது பிரிக்ஸ் என்ஜின்கள் பலவற்றுக்கான அளவு. அதற்குப் பிறகுதான் காயில் மாற்றுவது.

ஓடிக்கொண்டே நின்றுவிட்டால்

பத்து இருபது நிமிடம் ஓடி அணைந்தால் உடனே தொட்டி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குளவி மண் பூசுவதும் எறும்பு கூடு கட்டுவதும் இங்கே சர்வ சாதாரணம். மூடியைத் திறந்தும் பலன் இல்லை, அரைமணி ஆறினால்தான் கிளம்புகிறது என்றால், நின்ற சூட்டோடு பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வந்தால் அது காயில். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் அணைந்தால் சீட் சுவிட்ச். ஏறி இறங்கி உறுமிக்கொண்டே ஓடினால் ஜெட்டில் இன்னும் அழுக்கு இருக்கிறது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் குளிரும் பழைய என்ஜினுக்கு நம் வெப்பநிலையில் எஸ்ஏஇ 30 பொருத்தமானது. 10டபிள்யூ-30 போட்டால் 27 டிகிரிக்கு மேல் எண்ணெய் அதிகமாகச் செலவாகலாம் என்று பிரிக்ஸ் கையேடே சொல்கிறது, எங்களுக்கோ பகல் முழுக்க அதற்கு மேல்தான்.

பொருள் வாங்கப் போகும்போது

கோளாறு எது என்று தெரிந்த பிறகு கிள்ளானுக்கோ ரவாங்குக்கோ போவீர்கள். வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்குப் போதாது, ஒரே வண்டியில் வெவ்வேறு என்ஜின் வந்திருக்கும். என்ஜினின் மேல்மூடித் தகட்டிலோ வால்வு மூடியிலோ மாடல், டைப், கோட் என்று மூன்று எண் வரிசைகள் பொறித்திருக்கும், பிரிக்ஸ் என்ஜினில் கண்டிப்பாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருளையும் கையோடு கொண்டு போங்கள், கார்ப்பரேட்டர் என்றால் அதன் கேஸ்கெட்டையும் சேர்த்து.